பத்து மணி மாத்திரை

மூன்றாவது மாதமும் முட்டை வெடிக்கவில்லை.

டாக்டரம்மா ஸ்கேன் கருவியை அப்படியும் இப்படியும் திருப்பித் திரையில் அளந்து பார்த்தார். பதினான்காம் நாள் இருபத்திரண்டு மில்லிமீட்டர் இருந்தது. வெடிப்பதற்கென்று ஊசியும் போட்டாயிற்று. இன்று பதினேழாம் நாள், முப்பத்து நான்கு. இந்நேரம் உடைந்து சுருங்கியிருக்க வேண்டிய நீர்ப்பை, வீட்டைக் காலி செய்ய மறுக்கும் குடித்தனக்காரன் மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தது. அந்தக் கறுப்பு வட்டத்தைப் பார்க்கப் பார்க்கக் கவியாவுக்கு ஆத்திரம் வந்தது. தன் உடம்புக்குள்ளேயே இருந்துகொண்டு தன் பேச்சைக் கேட்காத ஒன்றின் மேல் யாருக்குத்தான் வராது?

அவளுக்கு முப்பத்தாறு வயது. ஜாதகம் பொருந்தவில்லை என்று வீட்டில் இழுத்தடித்ததில் கல்யாணமே முப்பத்திரண்டில்தான் நடந்தது. வரிச்சிக்குடிக்கு வாழ வந்து நான்கு வருடம் ஆகிறது. கணவன் அறிவுச்செல்வன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறான். காலையிலும் மாலையிலும் ஊரார் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறவனுக்குத் தனக்கென்று ஒன்று வேண்டும் என்ற ஆசை இருக்காதா? அவன் வாய்விட்டுக் கேட்டதில்லை. கேட்காமல் இருப்பதுதான் அவளை அதிகம் அறுத்தது. போன வாரம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் முட்டை இருப்பு, இரண்டு வருடத்துக்கு முன் இருந்ததில் பாதியாகியிருந்தது. இன்னும் ஆறேழு மாதம் இப்படியே போனால் சென்னைக்குத்தான் எழுதிக் கொடுக்க வேண்டும், அங்கேயும் உறுதி சொல்ல மாட்டார்கள் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

"வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?"

"இல்லீங்க டாக்டர்."

இதே கேள்வியை அவர் கேட்பது நான்காவது தடவை. அதே பதிலை அவள் சொல்வதும் நான்காவது தடவை. டாக்டரம்மா கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். பிறகு பேச்சை மாற்றுகிறவர் போலக் கேட்டார்.

"எறா கம்பெனியில எவ்வளவு நேரம் நிக்கிறீங்க?"

"ஏழுலேருந்து அஞ்சு வரைக்குங்க. சாப்பாட்டுக்கு மட்டும் உக்காருவோம்."

"ஐஸ் தண்ணியில கை, ஈரத் தரையில காலு. வலிக்கலையா உங்களுக்கு?"

"வலிக்காதுங்க. அதான் பத்து மணிக்கு டீயோட மாத்திரை குடுத்துருவாங்களே."

டாக்டரம்மா பேனாவை மேசைமேல் வைத்தார். "மாத்திரையே சாப்பிடறதில்லன்னு சொன்னீங்க."

கவியாவுக்கு முதலில் கேள்வியே புரியவில்லை. அந்தக் கம்பெனியில் இறால் உரிக்கும் நூற்றுச் சொச்சம் பெண்களில் யாரை நிறுத்திக் கேட்டிருந்தாலும் இதே பதில்தான் வந்திருக்கும். மாத்திரை சாப்பிடுவதென்றால் சீட்டு எழுதி, மெடிக்கலில் அட்டையாக வாங்கி, சோற்றுக்கு முன்னா பின்னா என்று கேட்டு விழுங்குவது. அது நோயாளிகள் செய்கிற வேலை. பத்து மணி மாத்திரை அந்தக் கணக்கில் சேராது. அது டீயோடு வரும், டீயோடு போகும். டீயில் சர்க்கரை போட்டுக்கொள்கிறீர்களா என்று டாக்டர் கேட்டால் சொல்லலாம். மாத்திரையைப் பற்றிக் கேட்டால் அதைச் சொல்ல வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

ஞாயிற்றுக்கிழமைக்கென்று சனிக்கிழமையே கொடுத்தனுப்பிய ஒன்று அவள் மணிபர்ஸில் காகிதத்தில் மடித்து இருந்தது. டாக்டரம்மா அதைக் கீழே மருந்துக் கடைக்கு அனுப்பிக் கேட்டு வரச் சொன்னார். வலி மாத்திரைதான் என்று ஆள் வந்து சொன்னான்.

"எத்தனை வருஷமா?"

"மூணே கால் வருஷங்க. தினமும்."

டாக்டரம்மா ஒரு வெள்ளைத் தாளை இழுத்து, அதில் வட்டம் ஒன்று வரைந்தார். "இங்க பாருங்க. சினைப்பைன்னா முட்டைய அடுக்கி வெச்ச டப்பா இல்ல. அதுக்குள்ளயும் தசை இருக்கு. கர்ப்பப்பை மட்டும்தான் இறுகி விரியும்னு எல்லாரும் நினைச்சுக்கிட்டு இருக்கோம். சினைப்பையும் இறுகும். முட்டை முத்துனதும் இந்தப் பையோட ஒரு பக்கம் மெலிசாகும். சுத்தியிருக்கிற தசை விட்டு விட்டு இறுக்கும். மெலிஞ்ச பக்கம் உடைஞ்சு முட்டை வெளிய வரும். வந்தாத்தான் மத்தது எல்லாம்."

கவியா தலையாட்டினாள்.

"உடை, இறுக்குன்னு சொல்றதுக்கு உடம்புல ஒரு பொருள் ஊறுது. உங்க காலு வலிக்குதுன்னு சொல்றதும் அதே பொருள்தான். வலி மாத்திரை அதை ஊற விடாது. காலு வலி நின்னுரும். இங்கயும் வேலை நின்னுரும். முட்டை உள்ளயே கெட்டுப்போகும். எல்லாருக்கும் இப்படி ஆகறதில்ல, சிலருக்கு ஆகுது. உங்களுக்கு ஆயிருக்குன்னுதான் தோணுது."

"நிறுத்திட்டா?"

"பெரும்பாலும் அடுத்த மாசமே சரியாயிரும். ஆனா போன முட்டை போனதுதான்." வட்டம் வரைந்த தாளை அவள் பக்கம் நகர்த்தினார். "இதை மூணு வருஷம் முன்னாடி யாராவது சொல்லியிருக்கலாம்."

வெளியே, பெஞ்சில், கவியாவின் செருப்பையும் பையையும் காவல் காத்துக்கொண்டு சௌந்தரவல்லி உட்கார்ந்திருந்தாள். இறால் மேசையின் சூப்பர்வைசர். நெரவிக்காரி, ஐம்பத்திரண்டு வயது, முட்டி தேய்ந்து பக்கவாட்டில் சாய்ந்து நடப்பாள். கம்பெனியில் எல்லாருக்கும் அக்கா. கவியாவுக்கு அதற்கும் மேலே. வேலைக்குச் சேர்த்துவிட்டவள் அவள்தான், உரிக்கும் கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்தவளும் அவள்தான். மாதா மாதம் தள்ளிப்போகாமல் வந்துவிடும் அந்த நாளில் கவியா முதலில் அழுவது கணவனிடம் அல்ல, இவளிடம். கூடவே அழுவாள் அக்கா. கண்ணைத் துடைத்துவிட்டு, ராசாத்தி, அடுத்த மாசம் பாருடி என்பாள். ஸ்கேனுக்கு வரும்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டுவிட்டு டோக்கன் எடுத்து வைத்துக் காத்திருப்பாள்.

பத்து மணிக்கு ஊறுகாய் பாட்டிலைத் திறந்து, ஒவ்வொரு கையாக மாத்திரை வைத்துக்கொண்டே போகிறவளும் அவள்தான்.

"என்னடி சொன்னாங்க?" என்று எழுந்தாள் அக்கா.

கவியாவுக்குச் சொல்ல வாய் வரவில்லை. பாவம், இந்த மனுஷிக்குத் தெரிந்தால் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுவாளே, தன் கையாலேயே கெடுத்துவிட்டேனே என்று சோறு இறங்காமல் கிடப்பாளே என்றுதான் அவளுக்குப் பட்டது. நாளைக்குப் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

"அதேதான்க்கா. வெடிக்கலையாம்."

அக்கா அவள் தோளைத் தடவிக் கொடுத்தாள். அம்மனுக்கு இன்னொரு வெள்ளிக்கிழமை மாவிளக்குப் போடலாம் என்றாள். பேருந்தில் ஜன்னலோரம் கவியாவை உட்கார வைத்து, தான் நின்றுகொண்டே வந்தாள். அந்த முட்டியோடு நிற்கிறாளே என்று கவியாவின் கண் கலங்கியது. இரக்கம்தான், வேறென்ன? இரக்கத்தைப் போல ஆளை முட்டாளாக்குவது வேறொன்றும் இல்லை.

சாயங்காலம் அவள் உம்மு சல்மாவுக்குப் போன் போட்டாள். சல்மா ஒரு காலத்தில் அதே மேசையில், கவியாவுக்கு எதிர்ப்பக்கம் நின்று உரித்தவள். அவளுக்கும் ஐந்து வருடம் பிள்ளையில்லாமல் இருந்து, வேலையை விட்ட கையோடு பிறந்தது. அவளுக்கும் இதே கோளாறாக இருந்திருக்குமோ என்று கேட்டுவிட்டால், அக்காவிடம் சொல்லும்போது இன்னும் தெளிவாகச் சொல்லலாம் என்பதுதான் கவியாவின் எண்ணம்.

"அல்ஹம்துலில்லாஹ், நல்லாருக்கோம். ஓடுறான் இப்ப, புடிக்க முடியல. நீ சொல்லு, ஏதும் விசேஷமா?"

"விசேஷம் இல்ல சல்மா. உனக்கும் முட்டை வெடிக்கலன்னுதான் சொன்னாங்களா அப்ப?"

"ஆமா. மாத்திரைய நிறுத்துன ரெண்டாவது மாசமே கரு நின்னுருச்சு. ஏன், உனக்கு இன்னும் சரியாவலையா? நீதான் அப்பவே நிறுத்திட்டேல்ல?"

"எத நிறுத்திட்டேன்?"

அந்தப் பக்கம் குழந்தை எதையோ கீழே தள்ளும் சத்தம் கேட்டது. சல்மா அதைக் கவனிக்கவில்லை.

"கவியா, அக்கா உங்கிட்ட சொல்லலையா?"

டாக்டர் சொன்ன அன்றைக்கே சல்மா நேராக நெரவியில் அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறாள். சீட்டைக் காட்டியிருக்கிறாள். "முதல்ல உன் பேரத்தான் சொன்னேன். அவளும் புள்ளைக்குப் பாத்துக்கிட்டு இருக்கா, அவளுக்குக் குடுக்காதீங்கக்கான்னு. நீ சொன்னா பயந்துருவா, நானே பக்குவமா சொல்லிக்கிறேன்னாங்க. சொல்லியிருப்பாங்கன்னுதான் நான் இருந்துட்டேன். அல்லா மேல சத்தியமா."

"எப்ப இது?"

"ரெண்டு வருஷத்துக்கு மேல இருக்கும்."

கவியா போனை வைத்துவிட்டு அரிசி களைந்தாள். அக்கா மறந்திருப்பாள். ஆயிரம் வேலை அவளுக்கு. இல்லையென்றால் நம்பியிருக்க மாட்டாள், டாக்டர் எதையாவது சொல்வார் என்று விட்டிருப்பாள். சல்மாவும் ஏதோ மாற்றிப் புரிந்துகொண்டிருக்கலாம். இப்படி ஒவ்வொரு சாக்காகத் தானே எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவள், மூன்றாவது தண்ணீர் வடிக்கும்போது கீர்த்திகாவை நினைத்தாள்.

கீர்த்திகா, அக்காவின் ஒரே மகள். கல்யாணமான புதிதில், போன வருடம், அவளும் ஐந்து மாதம் அதே மேசையில் கவியாவின் பக்கத்தில் நின்றாள். பத்து மணிக்கு அக்கா வரிசையில் வருவாள், எல்லார் கையிலும் வைப்பாள், மகளைத் தாண்டிப் போய்விடுவாள். ஒருநாள் அந்தப் பெண் கால் வலி தாங்காமல் அழுதது. மனம் கேட்காமல் கவியா தன் மாத்திரையைப் பாதியாகக் கடித்து நீட்டினாள். அக்கா பாய்ந்து வந்து தட்டிவிட்டாள். மாத்திரை சாக்கடைக் கம்பிக்குள் போனது. அவளுக்கெல்லாம் இது பழக்காதடி என்று கத்தினாள். பெற்ற மகளிடம் இவ்வளவு கறாரா என்று மேசையே சிரித்தது. கவியாவுக்கு உள்ளுக்குள் ஒரு பெருமைகூட இருந்தது: பெற்ற பெண்ணுக்கே தராததை எனக்குத் தருகிறாளே!

அரிசியைக் கையில் அள்ளிய மாதிரியே நின்றுவிட்டாள். வேலைக்கு வந்த ஆறாவது மாதம் கீர்த்திகா வாந்தி எடுத்து நின்றுவிட்டது, அவளுக்குப் பிறந்த குழந்தைக்குக் கவியாவே ஸ்வெட்டர் பின்னிக் கொடுத்தது எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வந்தது.

இரவு அறிவுச்செல்வனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். "நம்ம வீட்டுல எத்தனை நாள் சாப்புட்டிருக்கும் அது," என்றான். அக்கா என்று சொல்லும் வாயில் அது என்று வந்தது. கவியாவுக்கு அப்போதுகூட அந்தச் சொல் சுருக்கென்றது, அவளுக்கே வெட்கமாக இருந்தது.

மறுநாள் அவள் வேலைக்குப் போனாள். தலையில் வலைத்தொப்பி, காலில் கம்பூட், கையில் உறை. ஏழு மணியிலிருந்து உரித்தாள். கம்பெனியில் அவள் கைக்கு ஈடு கிடையாது. தலையைக் கிள்ளி, ஓட்டை உருவி, முதுகு நரம்பை இழுத்து எறிய அவளுக்கு மூன்று மூச்சு போதும். அவள் நிற்கிற மேசைதான் எப்போதும் முதலில் முடியும். அதனால்தான் சௌந்தரவல்லிக்கு மேனேஜரிடம் நல்ல பெயர். பக்கத்தில் ஓவியா நின்றாள். பூவத்திலிருந்து பேருந்தில் வருகிற இருபத்து மூன்று வயதுப் பெண், தாலிக்கயிற்றில் மஞ்சள் வெளுக்கவில்லை.

பத்து மணிக்கு டீ வந்தது. அக்கா பாட்டிலோடு வந்தாள். ஒவ்வொருத்தியாக உறையைக் கழற்றிக் கையை நீட்டினார்கள். தன்னிடம் வந்தபோது கவியா உறையைக் கழற்றி மேசையில் வைத்தாள், கையை நீட்டவில்லை.

"புடிடி."

"இது என்ன பண்ணும்னு உங்களுக்குத் தெரியுமாக்கா?"

"என்ன பண்ணும்? காலு வலி போவும்."

"சல்மா உங்க வீட்டுக்கு வந்து சொன்னாளாமே."

அக்காவின் முகம் ஒரு கணம் ஒன்றுமில்லாமல் போனது. அதைப் பார்த்ததுமே கவியாவுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் அவள் காத்திருந்தாள். ஒரு பொய்யாவது சொல்லட்டும், மறந்துட்டேன்டி என்றாவது சொல்லட்டும், நம்பித் தொலைக்கிறேன் என்றுதான் நின்றாள்.

"இங்க வேணாம், சாயங்காலம் வீட்டுக்கு வா, பேசிக்கலாம்," என்றாள் அக்கா தணிந்த குரலில்.

"கீர்த்திகாவுக்கு ஏன் தரல?"

"கவியா."

"ஏன்க்கா தரல?"

அக்கா பாட்டிலை மூடினாள். திருகு சரியாக விழாமல் இரண்டாவது முறை மூடினாள். "அவ எம் பொண்ணுடி," என்றாள்.

அதை அவள் கோபமாகவும் சொல்லவில்லை, வெட்கப்பட்டும் சொல்லவில்லை. மழை பெய்தால் நனையும் என்பதுபோல் சொன்னாள். சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்து வந்தது என்ன என்று அவளுக்கே உறைத்திருக்க வேண்டும், அவசரமாகக் கவியாவின் முழங்கையைப் பிடித்தாள்.

"மாத்திரைய விட்டதும் நிக்க முடியாம சல்மா போனா, அவ பின்னாடியே ரெண்டு பேரு போனாளுவ. நீயும் போயிட்டா என்னையத் திரும்ப மேசையில நிக்க வெச்சிருவேன்னான் மேனேஜரு. இந்த முட்டிய வெச்சிக்கிட்டு நான் எப்புடிடி நிப்பேன்? மாத்திரை போட்டுக்கிட்டே எத்தனை பேரு முழுகாம இருந்தாளுவ, உனக்கும் நின்னுரும்னுதான் நெனச்சேன். சாமி சத்தியமா அப்புடித்தான் நெனச்சேன். ஒவ்வொரு மாசமும் வேண்டிக்கிட்டேன்டி உனக்காவ."

"வேண்டிக்கிட்டு, மறுநாள் பத்து மணிக்குக் குடுத்தீங்க."

"உனக்கு நான் அம்மா மாதிரி இருந்தேன் கவியா. இல்லன்னு சொல்லு பாப்போம்."

"இருந்தீங்க," என்றாள் கவியா. கண்ணைப் புறங்கையால் துடைத்தாள். "அதனாலதான் என்ன மாத்திரைன்னு நான் ஒரு நாளும் கேக்கல."

டீ டம்ளரோடு மேசையே இவர்கள் பக்கம் திரும்பியிருந்தது. ஐஸ் தண்ணீர் குழாயில் கொட்டிக்கொண்டே இருந்தது. கவியா மற்றவர்கள் பக்கம் திரும்பினாள். டாக்டரம்மா சொன்னதை, அந்த வட்டத்தை, தசை இறுக்குவதை, முட்டை உள்ளேயே கெட்டுப்போவதை, தனக்குத் தெரிந்த வார்த்தையில் சொன்னாள். புள்ளைக்குக் காத்திருக்கிறவர்கள் போட்டுக்கொள்ள வேண்டாம் என்றாள். அழுதுகொண்டே சொன்னதால் பாதி பேருக்குப் புரிந்திருக்காது. ஆனாலும் இரண்டு பேர் மாத்திரையை மேசை விளிம்பில் வைத்தார்கள். பிள்ளை பெற்று முடித்தவர்கள், கால் வலி பொறுக்காதவர்கள், விழுங்கினார்கள். அவர்கள் மேல் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? இன்னும் ஏழு மணி நேரம் நிற்க வேண்டும்.

ஓவியா உள்ளங்கையில் மாத்திரையை வைத்துக்கொண்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். கல்யாணமாகி நான்கு மாதம்தான் ஆகிறது அவளுக்கு. பயந்துபோயிருந்தாள். கேட்க வேண்டும் என்று தோன்றியிருக்கிறது, கேட்டாள். ஆனால் கவியாவைக் கேட்கவில்லை.

"அக்கா, நீங்க சொல்லுங்க. நான் போட்டுக்கவா, வேணாமா?"

அந்த நிமிடம் கவியாவுக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. வேணாம்டி என்று அக்கா ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். போன முட்டைகள் போகட்டும், போன வருடங்கள் போகட்டும், முட்டி வலிக்குப் பயந்து செய்துவிட்டாள், மனதில் ஈரம் இல்லாதவள் இல்லை என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொள்வாள். என்றைக்காவது ஒருநாள் மன்னிக்கக்கூடச் செய்வாள். அக்காவின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அக்கா ஓவியாவைப் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்தாள். உரிக்காத கூடை ஆறு மிச்சம் இருந்தது. கவியாவின் கையுறை இரண்டும் கழற்றிய இடத்தில் கிடந்தன. இனி அவை அந்த மேசைக்குத் திரும்பப் போவதில்லை என்பது அக்காவுக்குத் தெரிந்துவிட்டது.

"ஒண்ணும் ஆவாதுடி," என்றாள். "போட்டுக்க."

அந்தப் பெண் சிரித்தது. நிம்மதியாகிவிட்டது அதற்கு. மாத்திரையை வாயில் போட்டு, ஒரு மிடறு டீ குடித்து, உறையை மாட்டிக்கொண்டு குனிந்தது.

அதுவரை பிள்ளைக்காக அழுதுகொண்டிருந்த கவியா, இப்போது அக்காவைப் பறிகொடுத்ததற்காக அழத் தொடங்கினாள். யாரும் வந்து தோளைத் தொடவில்லை. அவளுக்கு ஒன்றென்றால் வந்து தொடுகிற ஆள் அந்த மேசையில் ஒருத்திதான் இருந்தாள். அவள் பாட்டிலோடு அடுத்த மேசைக்குப் போய்க்கொண்டிருந்தாள்.